மிஷன் முடிய இன்னும் ஐந்து வாரம்: பக்கத்து வீட்டுப் பையன் வந்தால் என்ன பேசுவது?

லீஹை_மல்லி | ஞாயிறு, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். யூட்டாவில் லீஹை ஊரில் ஆறு வருடமாக இருக்கிறோம். எங்கள் தெருவில் பதினான்கு வீடு, அதில் பதினொன்று மார்மன் குடும்பங்கள். (அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம், சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018இல் அவர்கள் தலைவரே கேட்டுக்கொண்டார். ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று ஒவ்வொரு தடவையும் அடிக்க எனக்குப் பொறுமை இல்லை, மன்னிக்கவும்.)

பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். அவருடைய மூத்த பையன் 18 வயதில் மிஷனுக்கு (சபைக்காக வெளியூரில் இரண்டு வருட மதப் பிரசாரம்) போனான். மெக்சிகோ சிட்டியில் ஆறு வாரம் ஸ்பானிஷ் பயிற்சி, பிறகு பெருவில் ட்ருஹியோ பக்கம். இன்னும் ஐந்து வாரத்தில் வருகிறான். போகும்போது அந்த அம்மா கலங்கவே இல்லை. இப்போதுதான் ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறார். நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார்: “போறப்போ என்ன வாங்கணும்னு ஒரு பட்டியல் கொடுத்தாங்க. சூட், வெள்ளைச் சட்டை, ஷூ, டை எல்லாம் எழுதியிருந்தது. வர்றப்போ நான் என்ன செய்யணும்னு யாரும் பட்டியல் தரலையே.”

வாரம் ஒரு முறை வீடியோவில் பேசுவார்கள். ஒரு மாதமாக அந்தப் பேச்சே மாறிவிட்டதாம். முன்பெல்லாம் வீட்டு நாயைக் காட்டச் சொல்வான். இப்போது இவர்களாகக் காட்டினாலும் “வேண்டாம், அப்புறம் பார்த்துக்கறேன்” என்கிறான். விமான டிக்கெட்டைப் பற்றி எடுத்தால் முகம் இறுகிப்போகிறது.

விமான நிலையத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். வளைகுடாவிலிருந்து லீவில் வரும் மாமா வாசற்படி ஏறும்போதே ‘எப்ப திரும்பிப் போறீங்க’ என்று கேட்டு அடி வாங்கிய பிறவி நான். அதனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்: இப்படி வருகிற பையனிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

கலகக்குரல் | ஞாயிறு, இரவு 11:05

மதம் மாற்றும் வேலைக்குப் போன பையன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். மெடிக்கல் ரெப் டூர் முடித்து வருவது மாதிரிதானே? இதில் தூக்கம் கெட என்ன இருக்கிறது? செலவு யாருடையது, சபையுடையதா?

லீஹை_மல்லி | ஞாயிறு, இரவு 11:20

செலவு வீட்டுடையது. இங்கே இருப்பவர்கள் மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள், எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் ஒரே தொகைதான். அந்தப் பையன் பள்ளிக்கூட நாளில் இரண்டு கோடைகாலம் புல்வெட்டிச் சேர்த்த பணமும் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் புல்லையும் அவன்தான் வெட்டினான், அதனால் எனக்குத் தெரியும். சம்பளம் கிடையாது.

கோவை_எல்டர் | திங்கள், காலை 7:15

அக்கா, நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூர்க்காரன். எங்கள் வீட்டில் நான் ஒருத்தன் மட்டும்தான் அந்தச் சபை. பத்து வருடத்துக்கு முன்பு பெங்களூர் மிஷனில் (ஆந்திராவும் அதில் சேர்த்தி) இரண்டு வருடம் இருந்தேன். இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த நாய் விஷயம். எங்களுக்குள் ஒரு சொல் உண்டு, ‘ட்ரங்கி’. நம் டிரங்குப் பெட்டியேதான். ஆள் இங்கே நிற்கிறான், மனசு பெட்டி கட்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு மிஷனரியை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. கடைசி நாள் சாயங்காலம் வரை வேலை செய்ய வேண்டும் என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்ப்பார்கள். அதனால் கடைசி வாரங்களில் வீட்டை நினைப்பதே திருட்டுத்தனம் மாதிரி இருக்கும். நாய் மேல் அந்தப் பையனுக்குப் பிரியம் போய்விடவில்லை. பார்த்தால் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவோம் என்று அவனுக்கே பயம்.

அங்கே காலத்தை மாதத்தில் எண்ண மாட்டோம். ஆறு வாரத்துக்கு ஒரு ‘ட்ரான்ஸ்ஃபர்’. யார் எந்த ஊர், யாரோடு யார் ஜோடி என்பதை மிஷன் தலைவர் அன்றைக்கு மாற்றுவார். பையன்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் என்று பேச்சு. ஆனால் வீட்டுக்கு அனுப்புவது ஏதாவது ஒரு ட்ரான்ஸ்ஃபர் நாளில்தான். கடைசி ட்ரான்ஸ்ஃபரில் இருப்பவனை ‘சாகப்போகிறவன்’ என்போம். சிரிக்காதீர்கள், பெரிய வம்சாவளியே உண்டு. முதல் ஊரில் நாம் ‘பிறக்கிறோம்’. பயிற்சி கொடுத்தவர் ‘அப்பா’, அவருக்குக் கொடுத்தவர் ‘தாத்தா’. கடைசி ஜோடி நம்மைக் ‘கொல்கிறவன்’. என்னைக் கொன்றவன் நாகாலாந்துப் பையன், 19 வயது. சமையல்கட்டுக் காலண்டரில் யாருக்கும் தெரியாமல் தினம் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது நான் இல்லை, அவன். ‘நீங்க போயிட்டா எனக்கு யாரு வருவாங்களோ’ என்று அவனுக்குக் கவலை.

வீடு வீடாகக் கதவைத் தட்டுவது எங்களுக்கு அதிகம் கிடையாது. சபைக்காரர்கள் கூட்டிப்போகிற வீடுகளுக்குப் போவோம். எல்லா வீட்டிலும் முதலில் வருவது டீ. டீ, காபி எங்களுக்கு ஆகாது. ஆந்திராவில் இரண்டு வருடம், ஒரு வாய் டீ குடிக்காமல், யாரையும் புண்படுத்தாமல் எழுந்து வந்து பாருங்கள், அப்புறம் எந்த வேலையும் கஷ்டமாகத் தெரியாது.

கேட்கக் கூடாதது ஒன்று இருக்கிறது: “எத்தனை பேரை மாத்தினே?” நான் இருந்த இரண்டு வருடத்தில் என்னிடம் பாடம் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மூன்றாம் மாதமே வருவதை நிறுத்திவிட்டார். கடைசி வாரங்களில் 10:30க்கு விளக்கை அணைத்த பிறகு படுத்துக்கொண்டு இதைத்தான் கூட்டிக் கழிப்பேன். அன்றைக்கு அந்த வீட்டில் அவசரப்பட்டு எழுந்துவிட்டோமோ, இந்தத் தாத்தாவை இன்னொரு தடவை போய்ப் பார்த்திருக்கலாமோ என்று ஓடும். கணக்கு எழுதுகிறவனுக்கு அந்தக் கணக்கு மட்டும் இன்று வரை டேலி ஆகவில்லை.

கலகக்குரல் | திங்கள், காலை 9:30

நல்லா எழுதுறீங்க தம்பி, ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. 18 வயதுப் பையனுக்கு உலகம் என்ன தெரியும், அவன் போய் இன்னொருத்தனுக்கு வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல? அம்மாவோடு பேச வாரத்தில் ஒரு நாள், சினிமா கிடையாது, காதல் கிடையாது, தனியாக ஒரு தெருக்கோடி வரை போகக் கூட அனுமதி கிடையாது. இரண்டு வருடம் இப்படி வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் எந்தப் பையனும்தான் முழிப்பான்.

கோவை_எல்டர் | திங்கள், காலை 9:52

வாரம் ஒரு நாள் பேசலாம் என்பதே 2019 பிப்ரவரியில் வந்த சலுகை, சார். என் காலத்தில் வருடத்துக்கு இரண்டே தடவைதான்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி மின்னஞ்சல். நீங்கள் சொல்வதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. முழிப்பான் என்பது உண்மை.

நாஞ்சில்_நாடன்_அல்ல | திங்கள், மதியம் 1:10

(பெயரைப் பார்த்து யாரும் இலக்கியம் எதிர்பார்க்க வேண்டாம்.) நாங்கள் சி.எஸ்.ஐ. மார்மன்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்டால் எங்கள் போதகர் அரை நாள் பேசுவார், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு விநோதமாகப் படுவது வேறு. எங்கள் ஊர்ப்பக்கம் மிஷனரி என்றால் வந்தவர் வந்தவர்தான். கால்டுவெல் 1838இல் சென்னையில் இறங்கினார், 1841இல் இடையன்குடிக்குப் போனார், 1891இல் இறந்த பிறகும் அங்கேயேதான் கிடக்கிறார். மயிலாடியில் ரிங்கல்தௌபே பத்து வருடம் இருந்துவிட்டு 1816இல் கிளம்பினார், அதற்குப் பிறகு என்ன ஆனார் என்றே யாருக்கும் தெரியாது. ஊர் திரும்பி, பலூன் பிடித்து, அடுத்த மாதம் கல்லூரியில் சேர்கிற மிஷனரி என்பது எனக்குப் புதுசு. 20 வயதில் ரிட்டயர்மென்ட்!

ஆனால் ஒன்று யோசித்தேன். கால்டுவெல்லுக்குத் திரும்பி வருகிற பிரச்சினையே இல்லை பாருங்கள்.

சரிவுக்காரன் | திங்கள், இரவு 8:40

நானும் யூட்டாதான், சாஃப்ட்வேர். இங்கே இந்தப் பகுதிக்கு ‘சிலிக்கான் சரிவு’ என்று செல்லப்பெயர். என் டீமில் பதினொரு பேர், அதில் ஏழு பேர் மிஷன் போய் வந்தவர்கள். மதியச் சாப்பாட்டு அறையில் கான்டனீஸ், செபுவானோ, போர்ச்சுகீஸ் எல்லாம் காதில் விழும். பேசுகிறவர்கள் எல்லோரும் பொன்னிறத் தலை. சீனாவுக்கு 2009 முதல் 2011 வரை அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் ஹன்ட்ஸ்மேன் மாண்டரின் கற்றது இப்படி தைவானில் மிஷன் இருந்தபோதுதான். அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி பிரான்ஸில் மிஷன் இருந்தார். திரும்பி வந்த பையன்களை நம் ஊர்க்காரர்கள் இங்கே முதலில் பார்ப்பது கோடைகாலத்தில்: பூச்சி மருந்து அடிக்கட்டுமா, சோலார் போடட்டுமா என்று கதவைத் தட்டுவார்கள். தட்டிப் பழகிய கை, கம்பெனிக்காரன் விடுவானா.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். வந்து சில மாதமே ஆன பையனை வேலைக்கு எடுத்தால், முதலில் கொஞ்ச நாள் ‘நான்’ என்றே சொல்ல மாட்டான். எதற்கெடுத்தாலும் ‘நாங்கள்’. “நேத்து அந்த பக்கை (bug) நாங்க பாத்தோம்” என்பான். யாருடா இன்னொருத்தன் என்றால் விழிப்பான். பார்த்தது அவன் ஒருத்தன்தான். நேர்காணலில் இப்படிச் சொன்ன ஒருவனை, செய்யாத வேலையைக் கூட்டத்தில் ஒளித்துச் சொல்கிறான் என்று நினைத்து நான் நிராகரித்துவிட்டேன். இரண்டு வருடம் எப்போதும் ஜோடியாகவே இருந்து பழகிய பேச்சு அது என்று ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பையனை நினைத்தால் இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது.

கிள்ளான்_சகோதரி | செவ்வாய், காலை 6:25

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நான் ‘சிஸ்டர்’ (பெண் மிஷனரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பையன்களை ‘எல்டர்’) ஆக இருந்தது பிலிப்பைன்ஸில். பெண்களுக்கு 18 மாதம் என்று மேலே தம்பி சொன்னாரே, எனக்கு 15 மாதம்தான் கிடைத்தது.

2020 மார்ச் 15இல் மணிலாவைப் பூட்டினார்கள். மலேசியாவில் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு. அடுத்த சில நாளிலேயே வெளிநாட்டு மிஷனரிகள் எல்லோரும் அவரவர் நாட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்குத் தகவல், விடிகாலை நான்கு மணிக்கு வேன். ஈரத்துணியைக் கொடியில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். கீழ் வீட்டில் ஒரு பாட்டி, சனிக்கிழமை தோறும் அவருக்குக் கண் சொட்டு மருந்து விடுவது நான்தான். தூங்குகிறவரை எழுப்ப மனசில்லாமல் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டு வந்தேன். என் தகலோக் எழுத்து அவருக்குப் புரிந்ததோ இல்லையோ.

அமெரிக்காவில் அப்போது பெரிய சர்ச்சை. பிலிப்பைன்ஸிலிருந்து மொத்தமாக வந்து இறங்கிய பிள்ளைகளைப் பார்க்க, சால்ட் லேக் விமான நிலைய வாகன நிறுத்தத்தில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். தொற்று நேரத்தில் இது என்ன கூத்து என்று செய்தியில் திட்டினார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா முகக்கவசத்தோடு காரின் பின் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். பதினான்கு நாள் அறைக்குள். மிஷனிலிருந்து என்னை விடுவித்ததும் வீடியோ அழைப்பில். அதுவும் நடுவில் இணைப்பு அறுந்து, மறுபடி கூப்பிட்டு, “எங்க விட்டோம்?” என்று கேட்டு முடித்தார்கள்.

கடைசி ஆறு வாரம் எப்படி இருக்கும் என்று நீங்கள் எல்லோரும் எழுதுவதைப் படிக்கிறேன். எனக்கு அது கிடைக்கவே இல்லை. எங்கள் மிஷனில் ஒரு வழக்கம் இருந்தது: கிளம்புகிறவர் கடைசி வாரம் பழைய ஊர்களுக்கு அனுமதி வாங்கிப் போய் ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வருவார். நான் யாரிடம் எந்தக் கிழமை போவது என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன். அக்கா, அந்தப் பையனிடம் “யார்கிட்டயெல்லாம் சொல்லிட்டு வந்தே?” என்று கேளுங்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்பான். இதைக் கேட்டால் பேசுவான்.

லீஹை_மல்லி | செவ்வாய், காலை 8:00

சகோதரி, படித்துவிட்டு அலுவலகத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டி பிறகு?

கிள்ளான்_சகோதரி | செவ்வாய், காலை 8:31

பேத்தி முகநூலில் பேசுகிறாள். கண் இப்போது ஒன்றுதான் தெரிகிறதாம்.

லீஹை_மல்லி | செவ்வாய், காலை 8:40

கோவைத் தம்பி, இன்னொன்று. வந்து இறங்கியதுமே மிஷன் முடிந்துவிடாதாமே? அன்று சாயங்காலம் எங்கேயோ போக வேண்டும், அதற்கு முன்னால் உறவுக்காரர்களைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அந்த அம்மா குழம்புகிறார்.

கோவை_எல்டர் | செவ்வாய், இரவு 10:05

ஆமாம். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, போகிறவர்கள் எல்லோரையும் மிஷன் தலைவர் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அவர் மனைவி சமைத்துப் போடுவார், ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்வார்கள், தனித்தனியே கடைசி நேர்காணல் நடக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு தலைவர் என்பதால் சிலருக்கு, தன்னை வரவேற்றவர் வேறு, வழியனுப்புகிறவர் வேறாக இருக்கும். அமெரிக்கப் பையன்கள் அந்தக் கறுப்புப் பெயர்ப்பட்டையைச் சட்டையில் குத்தியபடியே விமானம் ஏறுவார்கள். ஊர் போய், ஸ்டேக் தலைவர் எதிரில் உட்கார்ந்து, ‘உன்னை விடுவிக்கிறேன்’ என்று அவர் சொன்ன பிறகுதான் கழற்ற வேண்டும். (நாலைந்து சபைகளும் அதற்கு மேலும் சேர்ந்தது ஒரு ஸ்டேக். மறைமாவட்டத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதுவரை அவன் மிஷனரிதான், சொந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாலும். அதனால் உறவுக்காரர்கள் வரலாம், டிவி மட்டும் வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

என் கதை கொஞ்சம் வேறு. அப்போது எங்கள் பக்கம் ஸ்டேக் கிடையாது. மிஷன் தலைவரே பெங்களூரில் விடுவித்துவிட்டார். பட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ராத்திரி ரயிலுக்குப் போனேன். நடைமேடையில் தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன், கால் தானாக நின்றுவிட்டது. இடது பக்கம் திரும்பி “போலாமா எல்டர்?” என்று கேட்கப் போனேன். அங்கே ஒரு மூட்டை இருந்தது. 24 மாதம், குளியலறை தவிர வேறு எங்கேயும் நான் தனியாக நின்றதில்லை. எதிர் பெர்த்துக்காரர் “தம்பி தனியாவா?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் அதிகம் யாரிடமும் சொன்னதில்லை. மிஷனில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எல்டர் என்று போட்டுக் குடும்பப் பெயர்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அதனால் இரண்டு வருடம் ஊரெல்லாம் என்னைக் கூப்பிட்டது என் அப்பா பெயரைச் சொல்லி. அப்பாவுக்கு நான் போனதில் துளியும் சம்மதம் இல்லை. குலதெய்வக் கோயிலில் முடியெடுத்துக் காது குத்திய பிள்ளை இப்படிப் போகிறானே என்று இரண்டு வருடமும் போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் பேசுவார்.

காலையில் ரயில் நிலையத்துக்கு அவர்தான் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்திருந்தார். பேச்சில்லை. வீட்டுக்கு வந்து நான் சட்டையை அவிழ்த்துத் துவைக்கப் போட்டேன், பையைத் தடவிப் பார்த்த அம்மா பட்டையை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். சாப்பிடும்போது அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். “இது எம் பேரல்லொ” என்றார். ஆமாங்கப்பா என்றேன். “ரெண்டு வருசமும் இதையா குத்தியிருந்தே?” ஆமாங்க. அப்புறம் தயிரை என் பக்கம் நகர்த்திவிட்டார். பட்டை இப்போது அவருடைய கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த கஷ்டங்கள் எல்லாம் சில்லறை. வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் “ரெண்டு வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணீங்க?” என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்ன இடத்தில் வேலை கிடைக்கவில்லை, சமூக சேவை என்று சொன்ன இடத்தில் கிடைத்தது. அம்மா ஜாதகக் கட்டோடு காத்திருந்தார், அதைத் தனி இழையில்தான் எழுத வேண்டும்.

கலகக்குரல் | செவ்வாய், இரவு 10:48

தயிரில் என்னைக் கவிழ்த்துவிட்டீர்கள். இருந்தாலும் என் கருத்தில் மாற்றமில்லை. ‘சமூக சேவை’ என்று சொல்ல வேண்டி வந்தது உங்களுக்கே உறுத்தவில்லையா?

கோவை_எல்டர் | செவ்வாய், இரவு 10:55

உறுத்தியது சார்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 6:00

மார்மன் வரலாறு, பலதார மணம், யார் உண்மையான கிறிஸ்தவர் ஆகியவை பற்றி வந்த ஒன்பது பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

லீஹை_மல்லி | ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 4:30

வந்துவிட்டான். கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

சால்ட் லேக் புது விமான நிலையத்தில் இதற்கென்றே கணப்பு, சோபா எல்லாம் போட்டு ஒரு பெரிய வரவேற்பு அறை கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது இன்னும் மூன்று குடும்பங்கள் பதாகையோடு நின்றன. லிமாவிலிருந்து அட்லாண்டா வழியாக வந்தான். எஸ்கலேட்டரில் முதலில் தெரிந்தது ஷூ. அதைப் பார்த்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வாங்கிக் கொடுத்த ஷூதான், ஆனால் அடியில் புதிதாக டயர் ரப்பர் வெட்டி ஒட்டித் தைத்திருந்தது, பக்கத்துக்கு ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டு. கழுத்தில் இவர்கள் வாங்காத டை, ஆரஞ்சு நிறத்தில். ஜோடிகள் பிரியும்போது டை மாற்றிக்கொள்வார்களாம். இரண்டு சூட்டில் ஒன்றுதான் வந்தது. இன்னொன்று ட்ருஹியோவில் ஒரு பையனின் கல்யாணத்துக்குக் கொடுத்தாயிற்று. இரண்டு பெரிய பெட்டி கொண்டுபோனவன் ஒன்றுடன் வந்தான், அதிலும் பாதி கடிதமும் ஒரு கம்பளிப் போர்வையும்.

சாயங்காலம் ஸ்டேக் தலைவரைப் பார்த்துவிட்டு வந்தபோது பட்டை இல்லை. சட்டையில் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் ஒரு செவ்வகமாகத் தெரிந்தது.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். மணியை அடித்துவிட்டு மூன்றடி பின்னால் தள்ளிப் போய், கைகளை முன்னால் கோர்த்து, பக்கவாட்டில் திரும்பி நின்றான். வாசல் கேமராவில் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொடுத்தேன். சகோதரி சொன்னபடியே கேட்டேன்: யார்கிட்டயெல்லாம் சொல்லிட்டு வந்தே?

நாற்பது நிமிடம் பேசினான். அதில் முக்கால்வாசி ஒரு அம்மாவைப் பற்றி. பெருவில் இந்தப் பையன்களுக்குச் சமைத்துப் போட ஒரு வீடு ஏற்பாடு செய்துவிடுவார்கள், ‘பென்சியோனிஸ்டா’ என்று பெயர், கூப்பிடுவது ‘மமீத்தா’ என்று. தினம் அரிசிச் சோறு. அவர் அரிசியைப் போடும் முன் ஒரு கரண்டி எண்ணெயில் பூண்டை நசுக்கிப் போட்டு வதக்கும் வாசனை தெருமுனை வரை வருமாம். கடைசி நாள் அவர் அழவில்லை, இவன் தட்டை மட்டும் கழுவ விடவில்லையாம். “எப்பவும் நாங்கதான் கழுவுவோம்” என்று இரண்டு தடவை சொன்னான். (சரிவுக்காரரே, அந்த ‘நாங்கள்’ வந்துவிட்டது!) அப்புறம் மணி 9:15 ஆனதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தான். 9:30க்கு வீட்டில் இருக்க வேண்டுமாம். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நாயிடம்தான் கொஞ்சம் சிக்கல். இவன் ஸ்பானிஷில் கூப்பிடுகிறான், அது ஓடிப்போய் அம்மாவின் பின்னால் நிற்கிறது.

இன்று காலை ஜீன்ஸ் வாங்க வேண்டும் என்றான், கடைக்குத் தனியாகப் போகத் தயங்கினான். என் மகன் கூடப் போயிருக்கிறான். காலை பதினொன்றுக்குப் போனவர்கள், இன்னும் காணோம். அந்த அம்மா இரண்டு தடவை வேலிக்கு வந்துவிட்டார். இரண்டு வருடம் பெருவில் விட்டவருக்கு இப்போது மணிக்கணக்கு.

கிள்ளான்_சகோதரி | சனி, மாலை 5:10

தட்டைக் கழுவ விடவில்லை என்றால் அந்த மமீத்தா அவன் போன பிறகு அழுதிருப்பார்.

கோவை_எல்டர் | சனி, மாலை 5:40

பழைய அளவை நம்பி வாங்க வேண்டாம் என்று போன் பண்ணிச் சொல்லுங்கள் அக்கா. எனக்கு இடுப்பு இரண்டு இன்ச் இறங்கியிருந்தது. வாங்கிய பேன்ட் மூன்றையும் அப்பாதான் டெய்லரிடம் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்.